மூன்றில் ஒன்று மட்டும் கெட்டது ஏன்? பழைய டிராக்டர் ஒன்றின் டீசல் இன்ஜெக்டர் மாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை மாவட்டம் சோழவந்தானை அடுத்த ஒரு கிராமத்தில், பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பகுதிக்குள், ஐந்து ஏக்கர் அளவில் நன்செய் வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் டிராக்டரில் நடந்த பழுதுபார்ப்பு இங்கே பதிவு செய்யப்படுகிறது. வண்டிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. மூன்று சிலிண்டர், டீசலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை எஞ்சின், சிலிண்டருக்கு ஓர் எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் உறுப்பு) வீதம் கொண்ட இன்லைன் பம்ப், டீசலைத் தூவும் பல துளை முனை (நாசில்) பொருத்திய இன்ஜெக்டர்கள் ஆகியவை அதில் உள்ளன. சென்சாரோ கம்ப்யூட்டரோ இல்லாத காலத்து வண்டி என்பதால், பழுதைக் கண்ணாலும் காதாலும் கையாலும்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

சொந்த வயலுக்குப் போக, பருவத்தில் அக்கம்பக்கத்து வயல்களுக்குத் தொளி உழவுக்கும் இந்த வண்டி வாடகைக்குப் போகும். பருவம் முடிந்தால் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும். டீசலைப் பெட்ரோல் பங்க்கில் கேனில் வாங்கிவந்து, வீட்டுப் பின்புறம் திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்த இரும்பு டிரம்மில் ஊற்றி வைத்து, தேவைப்படும்போது உறிஞ்சு குழாயால் எடுத்து ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறார்கள். அதற்கு ரசீதோ குறிப்போ இல்லை.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு டீசல் மெக்கானிக் பாடம் நடத்துபவன் என்ற முறையில், வேலை தொடங்கியது முதல் முடியும்வரை உடனிருந்து குறிப்பெடுக்க உரிமையாளரும் மெக்கானிக்கும் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

முதலில் தென்பட்டவை

வைகை அணையிலிருந்து முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்து, நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருந்த சமயம் அது. காலையில் வண்டி எளிதில் கிளம்பவில்லை. நெடுநேரம் சுற்றிய பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு சிலிண்டர் தூங்குவதுபோல் தட்டுத்தடுமாறி ஓடியது. சூடேறியதும் வெள்ளைப் புகை குறைந்தது. ஆனால் கேஜ் வீலோடு (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) சேற்றில் இறங்கி இழுக்கத் தொடங்கியதும் கரும்புகை எழுந்தது. முந்தைய பருவத்தைவிட டீசல் அதிகம் குடிப்பதாகவும் உரிமையாளர் சொன்னார்.

எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது புகையன்று, அவர் நல்ல செய்தியாகச் சொன்ன இன்னொன்று. “ஆயிலு மட்டும் குறையவே இல்லண்ணே, ஊத்தி வச்சது அப்படியே நிக்குது” என்று அவர் மெக்கானிக்கிடம் சொன்னார். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தொட்டுத் தேய்த்ததும் வழவழப்பு இல்லாமல் நழுவியது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரை நனைத்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள் (சம்ப்) இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் பாரம் ஏற்றி ஓட்டினால் பேரிங்குகளுக்குப் போதிய உயவு கிடைக்காது. அந்த நிமிடமே வண்டியை நிறுத்தச் சொன்ன மெக்கானிக்கின் முடிவுதான், என் கணிப்பில், பெரிய செலவைத் தடுத்தது.

வண்டியைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். பம்ப் போய்விட்டது, அதை இறக்கி முழுமையாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்பது ஒன்று. புதிய பி.எஸ்.6 (மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் பசை, அதாவது வழவழப்பு, இல்லை, பழைய பம்பும் நாசிலும் அதனால்தான் தேய்கின்றன என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்து இப்போது ஊருக்கு ஊர் கேட்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உண்மை. கந்தகத்தை நீக்கும் செயல்முறையில் டீசலின் இயற்கையான உயவுத்தன்மை குறையும் என்பதும் உண்மை. அதற்காகவே சுத்திகரிப்பு நிலையங்கள் உயவு தரும் சேர்மானங்களைக் கலந்து, தர அளவீட்டில் தேறிய பிறகே டீசலை அனுப்புகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, டீசல்தான் காரணம் என்றால் மூன்று இன்ஜெக்டரும் ஒன்றுபோல் கெட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கைவிடாமல் வைத்துக்கொண்டதால்தான் வேலை சரியான திசையில் சென்றது.

எந்தச் சிலிண்டர்?

எதையும் கழற்றுவதற்கு முன், எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் வரும் பிரஷர் பைப்பின் நட்டை ஒரு நேரத்தில் ஒன்றாகத் தளர்த்திப் பார்த்தார்கள். நட்டு தளர்ந்தால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால் எஞ்சின் உடனே தடுமாறும். முதலாவதிலும் மூன்றாவதிலும் அப்படியே நடந்தது. இரண்டாவது நட்டைத் தளர்த்தியபோது ஓட்டத்தில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. வெளியே வந்த டீசலோ மற்றவற்றைப் போலவே துடிப்புடன் வந்தது. பம்ப் அந்த எலிமென்டிலும் டீசலைத் தள்ளுகிறது, சிலிண்டர்தான் அதைப் பயன்படுத்தவில்லை என்பதற்கு இது போதுமான அறிகுறி. பம்பைத் தொடாமல் விடுவது என்று அப்போதே முடிவாயிற்று.

இந்தச் சோதனையைச் செய்பவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்திருக்க வேண்டும், நட்டின்மேல் தடித்த துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். இன்ஜெக்டர் முனையிலோ கசியும் பைப்பிலோ வெளிப்படும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வேகம் உடையது. வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், அவ்வளவாக வலிக்கவும் வலிக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கி விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அப்படிப் பட்டுவிட்டால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல், என்ன பாய்ந்தது என்பதைச் சொல்லி அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனையில் சேர வேண்டும். என் மாணவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லும் பாடம் இது.

கழற்றியபோது கண்டது

முதலாவதும் மூன்றாவதும் எளிதாக வந்துவிட்டன. இரண்டாவதைச் சுற்றி, சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின்மேல் ஈரமான கரி படிந்திருந்தது. எரிந்த வாயு கீழிருந்து கசிந்து வருவதற்கு அது அடையாளம். அது அசையவே இல்லை. உடனிருந்த ஒருவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பலாம் என்றார். “வேணாம் தம்பி, பாடி வளைஞ்சா அப்புறம் நாசில் மட்டும் மாத்துறது முடியாது” என்று மெக்கானிக் மறுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட்டார். மறுநாள் காலை ஸ்பேனரால் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைத்து, பிறகு தலையில் திருகிய இழுப்பானால் நேராக மேல்நோக்கித் தட்டி வெளியே எடுத்தார்.

வந்த இன்ஜெக்டரின் அடியில் தாமிர வாஷர் ஒன்று ஒட்டியிருந்தது. பொதுவாக அதோடு திருப்தி அடைந்துவிடுவோம். மெக்கானிக் டார்ச் அடித்து, இன்ஜெக்டர் உட்காரும் துளையான போருக்குள் பார்த்தபோது, அடியில் கரி மூடிய இன்னொரு வாஷர் உட்கார்ந்திருந்தது. முந்தைய வேலையில் பழையது உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அதைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதை வைத்து மாட்டியிருக்கிறார்கள். மற்ற இரண்டு போர்களிலும் தனித்தனியே ஒன்றுதான் இருந்தது.

அந்த ஒற்றை வாஷரின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த வகை எஞ்சினில் நாசிலின் துளைகளிலிருந்து கிளம்பும் டீசல், பிஸ்டன் தலையிலுள்ள குழிக்குள் விழும்படி கோணம் கணக்கிடப்பட்டிருக்கிறது. நாசில் ஒன்றரை மில்லிமீட்டர் மேலே நின்றால் அந்தத் தாரைகள் குழியின் விளிம்பிலும் ஹெட்டின் அடிப்பரப்பிலும் மோதும். காற்றோடு கலக்காமல் உலோகத்தில் ஒட்டிய டீசல் பாதி எரிந்து கரும்புகையாகும், மீதி சுவரில் வழியும். அத்தோடு, கரி படிந்த பழைய வாஷரின்மேல் புதியது சரியாகப் படியாததால் எரிந்த வாயு கசிந்து நாசிலைச் சுற்றிலும் சூடாக்கியிருக்கிறது. நாசிலின் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துவதும் இந்த வாஷரின் வேலைதான். அந்த வழியும் கெட்டது.

மதுரையில் டெஸ்டர் முன்

மூன்று இன்ஜெக்டரையும் எண்ணெழுதிக் கட்டி, மதுரையில் டீசல் பம்ப் வேலை மட்டும் செய்யும் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். அங்கு கைப்பிடியால் அழுத்தும் டெஸ்டரில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். இந்த எஞ்சினுக்குக் குறிக்கப்பட்ட திறப்பு அழுத்தம் 200 பார் (அழுத்தத்தின் அலகு). முதலாவது 185-இலும் மூன்றாவது 190-இலும் திறந்தன. ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்திருந்தாலும், எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே அளவாகப் புகைபோன்ற தூவல் வந்தது, கைப்பிடியை மெல்ல அழுத்தும்போது நாசில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து ஒலித்தது. அந்த ஒலி, ஊசி தடையின்றித் திறந்து மூடுவதன் அடையாளம்.

இரண்டாவது 150 பாரிலேயே ஒலியின்றித் திறந்தது. ஒரு துளையிலிருந்து கோடாக டீசல் ஓடியது. இரண்டு துளைகளில் எதுவும் வரவில்லை. திறப்பு அழுத்தத்துக்கு 20 பார் கீழே நிறுத்தி 10 விநாடி பார்த்தால் முனையில் சொட்டுத் திரளக் கூடாது. இதில் நிறுத்துவதற்குள்ளேயே சொட்டிவிட்டது.

பிறகு மூன்றையும் பிரித்தார்கள். நாசிலின் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒன்றின் ஊசியை மற்றொன்றின் உறைக்குள் போடக் கூடாது, இரண்டும் சேர்த்தே தேய்த்துத் தயாரிக்கப்பட்டவை. கடைக்காரர் முதலாவது ஊசியைச் சுத்தமான டீசலில் கழுவி, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, உறையைச் சாய்த்துப் பிடித்து விரலை எடுத்தார். அது தன் எடையாலேயே வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கி ‘டிக்’ என்று உட்கார்ந்தது. இரண்டாவது ஊசி பாதி வழியில் நின்றுவிட்டது. அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பியபோது, பளபளப்பான தண்டில் நகக்கீறல் அகலத்தில் பழுப்பு நிறத் துருத் தழும்பு ஓடியது. முனையோ சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. முதலாவதிலும் மூன்றாவதிலும் இறுதிப் பகுதியில் மட்டும் மங்கிய கறை, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் கேள்விக்கு விடை கிடைத்தது. துரு என்றால் டீசலில் தண்ணீர் இருந்திருக்கிறது, அது மூன்றுக்கும் பொது. ஆகையால் மூன்று ஊசியிலும் தடம் இருந்தது. கசிவும் சூடும் இரண்டாவதுக்கு மட்டும் உரியவை. ஆகையால் மற்றவை தாக்குப்பிடித்த தண்ணீரை அது தாங்கவில்லை. வாஷரை மட்டும் சரிசெய்திருந்தால் அடுத்த பருவத்தில் வேறொரு நாசில் போயிருக்கும். டீசலை மட்டும் சுத்தம் செய்திருந்தால் புதிய நாசிலும் அதே போரில் வெந்திருக்கும்.

மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

இன்ஜெக்டரை முழுதாக வாங்குவதா, நாசில் மட்டும் போடுவதா என்று பேசினார்கள். பாடி மூன்றும் நேராக, புரி கெடாமல் இருந்தன. ஆகவே நாசிலும் ஸ்பிரிங்கும் மட்டும் புதிதாகப் போடுவது என்றாயிற்று. மூன்றிலும் மாற்றுவதற்குக் காரணம், ஒரு சிலிண்டர் 200 பாரிலும் மற்றவை அதற்குக் கீழும் திறந்தால் மூன்றின் பங்கும் நேரமும் ஒத்துப்போகாது என்பதும், மற்ற இரண்டு ஊசிகளிலும் கறை தொடங்கிவிட்டது என்பதும். மூன்று நாசிலுக்கும் ஆன செலவு, பம்பைப் பிரித்துக் கட்டக் கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை.

உதிரிபாகக் கடையில் முதலில் கொடுத்த நாசில் கையில் எடுத்துப் பார்க்க அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது. ஆனால் கழுத்தில் பொறித்த எண்ணில், டி.எல்.எல்.ஏ. என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண் வேறாக இருந்தது. அந்த எண் தூவலின் கோணத்தைக் குறிப்பது. கோணம் மாறினால் இரண்டு வாஷர் போட்டதற்குச் சமமான கெடுதல் நேரும் என்பதால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியான எண் கிடைக்கும்வரை ஒரு நாள் காத்திருந்தார்கள். தொளி உழவுக்கு ஆள்கள் காத்திருக்கும்போது ஒரு நாள் என்பது சிறிய விஷயமல்ல. அந்தப் பொறுமைக்காக உரிமையாளரைப் பாராட்ட வேண்டும்.

புதிய நாசில்களின் பாதுகாப்புப் பூச்சைச் சுத்தமான டீசலில் கழுவி, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் திருத்தும் மெல்லிய தகட்டை (ஷிம்) மாற்றி மூன்றையும் 205 முதல் 210 பாருக்குள் அமைத்தார்கள். புதிய ஸ்பிரிங் ஓடி அமர்ந்ததும் சற்று இறங்கும் என்பதால் இந்தக் கூடுதல். மூடும் நட்டை டார்க் ரெஞ்சால், கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மட்டுமே முடுக்கினார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் உறை நெரிந்து ஊசி பிடித்துக்கொள்ளும்.

இதற்கிடையே ஊரில், போருக்குள் நின்ற வாஷரைக் கிரீஸ் தடவிய கூம்புக் கம்பியால் திருகிப் பிடித்து எடுத்து, வாஷர் உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். எல்லோரும் விலகி நின்றபின், டீசலை நிறுத்தும் ஸ்டாப் லிவரை இழுத்துவைத்து ஸ்டார்ட்டரால் சில சுற்றுச் சுற்றியதில் உதிர்ந்த கரி வெளியேறியது. அப்போதே கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) அளந்தார்கள். இரண்டாவது சிலிண்டர் மற்ற இரண்டையும்விட ஏறத்தாழ 3 பார் குறைவாகக் காட்டியது. டீசல் வழிந்த சுவரில் ரிங் தேய்ந்திருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. பருவம் நெருங்கிவிட்டதாலும், எஞ்சின் கிளம்பி ஓடப் போதுமான அழுத்தம் இருந்ததாலும், ஹெட்டைத் திறக்காமல் விட்டார்கள்.

வேலை முழுவதும் பைப் முனைகளுக்கும் பம்ப் வாய்களுக்கும் மூடி போட்டே வைத்திருந்தார்கள். கை துடைக்கும் பனியன் வேஸ்டை அந்த இடங்களுக்கு அருகே விடவில்லை. அதன் ஒரு நூல் போதும் நாசில் துளையை அடைக்க.

டீசல் வந்த வழி

டேங்கின் அடித் திருகைத் திறந்து, முதலில் வந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு இரவு வைத்தார்கள். காலையில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நீர் பிரிந்து நின்றது. தண்ணீரும் கசடும் தங்கும் கிண்ணமான செடிமென்ட் பவுலிலும் அதே. ஃபில்டர் எலிமென்ட் ஊறி நிறம் மாறியிருந்தது. அடுத்து டிரம்மின் அடியிலிருந்து எடுத்த மாதிரியில் இன்னும் அதிகம்.

டிரம் மூடியிட்டுத்தான் இருந்தது. ஆனால் நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல்விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடிப் புரி வழியே வெளியேறும். இரவில் குளிரும்போது சுருங்கி, தேங்கிய நீரை அதே புரி வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். மதுரைப் பக்கத்து வெயிலுக்கு இது நாள்தோறும் நடக்கக்கூடியது. போதாக்குறைக்கு, கொட்டகையில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியிலும் காற்றின் ஈரம் டேங்கின் உட்சுவரில் வேர்த்து இறங்கியிருக்கும்.

டேங்கை இறக்கிக் கழுவி, இரண்டு ஃபில்டரும் புதிதாகப் போட்டு, டீசல் கலந்த எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே இன்ஜெக்டர்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு போரிலும் ஒரே ஒரு புதிய வாஷர். உரிமையாளரையும் அழைத்துக் காட்டிய பிறகே இன்ஜெக்டர் இறங்கியது. ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லிவரைக் குமிழி நிற்கும்வரை அடித்து, பிறகு பிரஷர் பைப் நட்டுகளில் ஏர் எடுத்தார்கள், அதாவது உள்ளே நின்ற காற்றை வெளியேற்றினார்கள்.

பின்விளைவு

எஞ்சின் கிளம்பியதும் முதல் சில நொடிகள் புகைந்து பின் தெளிந்தது. சூடேறிய பின் நட்டுகளை மறுபடி சரிபார்த்து, இன்ஜெக்டர் அடியைச் சுற்றி ஆயில் சொட்டுகள் விட்டுப் பார்த்ததில் குமிழி இல்லை, கசிவு நின்றிருந்தது. நட்டுத் தளர்த்தும் சோதனையை மறுபடி செய்தபோது மூன்று சிலிண்டருமே எஞ்சினைத் தடுமாற வைத்தன. சேற்றில் இழுக்கும்போது பாரம் ஏறும் நேரத்தில் மட்டும் மெல்லிய சாம்பல் புகை தெரிந்தது. பருவம் முடியும்வரை டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறவில்லை. செடிமென்ட் பவுலிலும் தண்ணீர் சேரவில்லை.

முழுமையாகத் தீராதது ஒன்று உண்டு. மார்கழிக் குளிரில் அதிகாலையில் வண்டி இன்னும் சற்று நேரம் சுற்றித்தான் கிளம்புகிறது, அந்தச் சில நொடிகள் வெள்ளைப் புகையும் வருகிறது. இரண்டாவது சிலிண்டரின் குறைந்த கம்ப்ரஷன்தான் அதற்குக் காரணமாக இருக்க முடியும்.

இனி மாறுவது

மெக்கானிக் தன் பட்டறையில் இரண்டு மாற்றங்களைச் செய்திருக்கிறார். புகை என்று வரும் எந்த வண்டிக்கும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டேங்க் அடியிலிருந்து ஒரு பாட்டில் டீசல் பிடித்துத் தெளியவைத்துப் பார்க்கிறார். இந்த நிகழ்வில் அது கடைசியில்தான் செய்யப்பட்டது. முதலிலேயே செய்திருந்தால் மதுரைக்குப் போவதற்குள் டேங்க் வேலை முடிந்திருக்கும். இன்ஜெக்டர் கழற்றும் ஒவ்வொரு முறையும் வெளியே வந்த வாஷர்களை எண்ணி, போருக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததைக் குறித்து, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குகிறார்.

பழுதான இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி, பழுது கூடவே போகிறதா என்று பார்க்கும் வழக்கமான முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அதைச் செய்திருந்தால் பழுது இன்ஜெக்டரோடு நகர்ந்திருக்கும், எல்லோரும் நாசிலை மட்டும் குற்றம் சொல்லி வேலையை முடித்திருப்பார்கள். போரையும் வாஷரையும் பார்த்த பிறகே அந்தச் சோதனையை நம்பலாம் என்று இப்போது மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்.

உரிமையாளர் டிரம்மைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, மூடிகள் இரண்டும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் டீசலுக்குள் மூழ்கி இருக்கும்படி கிடையாகக் கிடத்தியிருக்கிறார். பருவம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது டேங்கை நிரப்பியே நிறுத்துகிறார். இரண்டாம்போக அறுவடை முடிந்ததும் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷனை மறுபடி அளப்பது என்றும், மற்றவற்றைவிட இரண்டாவதில் உள்ள குறைவு கூடியிருந்தால் கோடையில் வண்டி நிற்கும் காலத்தில் ஹெட்டை இறக்கி ரிங்கும் வால்வும் பார்ப்பது என்றும் அவரும் மெக்கானிக்கும் முடிவு செய்திருக்கிறார்கள்.